ட்யூப்லைட் சத்தத்தை அழிக்காதீர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் அம்பத்தூர், ஆவடி வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. பாட்டி பாடிய தாலாட்டு, தாத்தா போட்ட பஜனை மெட்டு, கல்யாண வீட்டில் பெரியம்மா பாடிய நலங்குப் பாட்டு என்று பழைய பதிவு எது கிடைத்தாலும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் வயலின், புல்லாங்குழல், தாளம் எல்லாம் சேர்ந்து சினிமாப் பாட்டு மாதிரி வந்துவிடுகிறது. கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

நான் இதைக் கேலி செய்யவில்லை. நானும் செய்து பார்த்தவன். ஒன்று அருமையாக வந்தது. இன்னொன்றில் தடுக்கி விழுந்தேன். அந்த இரண்டையும் சொல்லிவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலாவது என் சொந்த மெட்டு. 31 வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். முதல் இருபது தனிமங்களைப் பிள்ளைகள் வரிசையாகச் சொல்லமாட்டார்கள். போரானுக்கும் கார்பனுக்கும் இடையில் யாராவது ஒருவன் தொலைந்துபோவான். ஆடி மாதம் திருவேற்காட்டுக்குப் போகிற கூட்டம் அடிக்கும் பம்பைத் தாளத்தை எடுத்து, இருபது பெயரையும் அதில் கோத்துவிட்டேன். ஹைட்ரஜனில் தொடங்கி கால்சியத்தில் முடியும். பெரிய சங்கீதம் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து "சார், கொஞ்சம் மெதுவா" என்று கேட்கும் அளவுக்குப் பையன்கள் பாடுவார்கள்.

1995-ல் ஒன்பதாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் எலெக்ட்ரானிக்ஸ் வேலையில் இருக்கிறான். ஒலிப்பதிவு அவனுக்குப் பொழுதுபோக்கு. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் அந்த மெட்டை முணுமுணுத்தான். நடுவில் ஒரு வளைவு எனக்கே மறந்துபோயிருந்தது, அவனுக்கு ஞாபகம் இருந்தது. போனில் பாடிக் கொடுத்தோம். செயலி அதற்குக் கூட்டுக்குரலும் பறை மாதிரி ஒரு அடியும் சேர்த்துத் தந்தது. நான்காம் வகுப்பு படிக்கும் என் பேரன் அதை ஒரு வாரம் வீடு முழுக்கப் பாடினான். இப்போது அவனுக்குக் கால்சியம் வரை தெரியும். எனக்குப் பரம சந்தோஷம்.

அந்தத் தைரியத்தில்தான் இரண்டாவதில் கைவைத்தேன்.

ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்த 1955-ல் பிறந்தவன் நான். அம்மாவுக்குப் பிறந்த ஊர் திருமழிசைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். இன்று பூந்தமல்லியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் அடுக்குமாடியும் கிடங்குகளும்தான். அன்று நடவு வயல். அம்மா நடவுப் பாட்டும் பாடுவார், தாலாட்டும் பாடுவார். படித்தவர் இல்லை, எழுதி வைத்ததும் இல்லை.

1987-ல் என் மகள் பிறந்தபோது, தவணையில் வாங்கிய டேப்ரிக்கார்டரில் அம்மாவின் தாலாட்டைப் பதிவு செய்தேன். மொத்தம் ஏழு நிமிடம். அதற்கு மேலும் பாடினார், பதிவும் ஆனது. ஆனால் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை நான் உடைக்கவில்லை. அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. என் தம்பி ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டை அதன்மேல் ஏற்றிவிட்டான். ஏழாவது நிமிடத்தில் அம்மாவின் குரல் நடுவரியில் அறுந்து, படப்பாடல் தொடங்கிவிடும். அம்மா 1999-ல் போய்விட்டார். மிச்சம் இருப்பது அந்த ஏழு நிமிடம்தான்.

அதைச் செயலியில் ஏற்றினேன். திரும்பி வந்ததைக் கேட்டு என் தங்கை அழுதுவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், முதல் பத்து நிமிடம் எனக்கும் பிடித்திருந்தது. இரைச்சல் போய்விட்டது. குரல் பளிச்சென்று இருந்தது. அடியில் புல்லாங்குழல். அம்மாவை மேடையேற்றிவிட்ட மாதிரி ஒரு பெருமை.

அடுத்த வாரம் கிராமத்தில் இருக்கும் சித்தியிடம் கொண்டுபோனேன். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. வயது 84. கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும். போனைப் பக்கத்தில் வைத்தேன். சித்தி தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"யார்ரா இது பாடறது? ரேடியோவா? நல்லா கீது."

எனக்கு முதுகில் சில்லென்றது. கூடவே ஐம்பது வருடம் பாடியவருக்கு அக்காவின் குரல் தெரியவில்லை.

மாணவனிடம் போய்ச் சொன்னேன். அவன் கேசட்டை நல்ல டெக்கில் போட்டு, எதையும் சேர்க்காமல், எதையும் எடுக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஒலியைப் படமாக விரித்துக் காட்டினான். அடியில் நேர்கோடாக ஒரு மெல்லிய கீற்று ஓடியது.

"சார், இது என்ன சத்தம்?"

யோசித்தேன். எங்கள் கூடத்து ட்யூப்லைட்! பழைய சோக், எந்நேரமும் ரீங்காரம் போடும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. சோக் அதில் இரட்டிப்பாக, விநாடிக்கு 100 முறை அதிரும். வகுப்பில் நான் நடத்திய பாடம்தான். ஆனால் படத்தில் அந்தக் கோடு 106-ல் இருந்தது.

அப்புறம்தான் புரிந்தது. அன்று டேப்ரிக்கார்டர் பேட்டரியில் ஓடியது, பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அன்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே போய்விடும். இத்தனை வருடமாக நாங்கள் கேட்டது, ஆறு சதவீதம் வேகமாக, ஏறக்குறைய அரைக் கட்டை உயரத்தில் பாடும் அம்மாவை. அந்தக் காலத்தில் மின்சாரமும் 50-ல் அசையாமல் நிற்காது, கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் திசை தெரிந்துவிட்டது.

106-ஐ 100-க்கு இறக்கினான். ஏழு நிமிடம், 7 நிமிடம் 25 விநாடி ஆனது. அவ்வளவுதான் செய்தான்.

அதைச் சித்தியிடம் கொண்டுபோனேன். இரைச்சல் அப்படியே. தூரத்தில் அரக்கோணம் லோக்கல் ஹாரன் அடிக்கிறது. நடுவில் அம்மா பாட்டை நிறுத்தி, என் மனைவியிடம் "ஏம்மா, பால் பொங்குது பாரு" என்று சொல்லிவிட்டு, விட்ட சுருதியிலேயே திரும்பப் பிடிக்கிறார். சித்தி இரண்டாவது வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கக்காடா இது."

நண்பர்களே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செயலி முதலில் துடைத்துப் போட்டது எதை? அந்த ட்யூப்லைட் சத்தத்தை. அதுதான் அம்மாவின் உண்மையான குரல் எது என்று சொல்லத் தெரிந்த ஒரே சாட்சி. பால் பொங்கிய வாக்கியத்தையும் அது 'பிழை' என்று எடுத்துவிட்டது. ஒரு சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அது யாருடைய வீடு என்று அதற்குத் தெரியாதே!

குரலையும் அது 'சரி' செய்திருந்தது. அம்மா ஒரு இடத்தில் நிற்கும் சுரம் ஹார்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும். அந்த இடம்தான் பாட்டின் உயிர். இயந்திரம் அதைப் பக்கத்துக் கட்டைக்குத் தள்ளிவிட்டது. இந்தத் திருத்தும் வித்தையை 1997-ல் ஆட்டோட்யூன் என்று விற்பனைக்குக் கொண்டுவந்த ஆண்டி ஹில்டெப்ராண்ட், அதற்கு முன்பு பூமிக்குள் அதிர்வு அனுப்பி எண்ணெய் இருக்கும் இடத்தைத் தேடும் துறையில் இருந்தவர். அந்தக் கணக்கைக் குரலுக்குத் திருப்பினார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பன்னிரண்டு கட்டைக்குள் அடங்காத குரலுக்கு அது எமன்.

தாளமும் அப்படியே. செயலி நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்கிறது. அம்மாவுக்குத் தாளம் தூளிதான். தனி ஊசல் பாடம் நடத்தும்போது சொல்வேன்: ஆட்ட நேரம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது, குழந்தையின் எடையைப் பொறுத்தது அல்ல. இரண்டு மீட்டர் நீளத் தூளி ஒருமுறை போய்வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். குழந்தை முழித்திருந்தால் அம்மா அந்த ஆட்டத்தோடு பாடுவார். கண் சொருக ஆரம்பித்தால் தூளியைத் தன்பாட்டில் ஆடவிட்டு வரியை இழுப்பார், நடுவில் மூச்சுவிட்டுக் காத்திருப்பார். ஒரே சீராகத் தட்டினால் அது தாலாட்டே இல்லை.

அப்படியானால் தொழில்நுட்பமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவின் நிஜக் குரலைத் திருப்பித் தந்ததும் தொழில்நுட்பம்தான். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம்.

பீட்டில்ஸ் கதையைப் பாருங்கள். ஜான் லெனன் 1970-களின் கடைசியில் நியூயார்க்கில் வீட்டில் உட்கார்ந்து, பியானோ வாசித்துக்கொண்டே ஒரு பாட்டைச் சாதாரண கேசட்டில் பதிவு செய்தார். 1980-ல் கொல்லப்பட்டார். 1995-ல் மற்ற மூவரும் அதை முழுப்பாட்டாக்க முயன்று கைவிட்டார்கள். இரைச்சலிலிருந்தும் பியானோவிலிருந்தும் குரலைப் பிரிக்க வழியில்லை. ஒரு ஆவணப்படத்துக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் பின்னால் அதைப் பிரித்துக் கொடுத்தது. 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' வெளியானது. இயந்திரம் அங்கே லெனனின் குரலை உண்டாக்கவில்லை, இருந்ததைப் பிரித்தெடுத்தது. வாசித்தவர்கள் அவருடைய நண்பர்கள்.

நம் ஊரில் அடுத்த படி நடந்தது. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர். ரஹ்மான் மறுபடி ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார். கேட்டு வாங்கியது சரியான முறை. ஆனால் மேடையில் பாடிப் பிழைத்தவரின் குரலும், தூளிக்குப் பக்கத்தில் மட்டும் பாடியவரின் குரலும் ஒன்றா?

இந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்துவிட்டது. "அண்ணா, அறுந்த இடத்துலேர்ந்து அம்மா குரல்லயே மீதியைப் பாட வைக்கலாமாமே. செஞ்சிடலாம்ணா" என்று தங்கை கேட்டாள். ஏழு நிமிடக் குரல் இருந்தால் போதும், செய்யலாம் என்றான் மாணவனும். அனுமதி தர வேண்டிய குடும்பம் நாங்கள்தான். தடுக்க யாரும் இல்லை.

இரண்டு இரவு தூக்கமில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணம் இதுதான். அம்மா பாடாத ஒரு வரியை அம்மா குரலில் கேட்டுவிட்டால், இன்னும் பத்து வருடத்தில் என் பேரனுக்கு எது அவர் பாடியது, எது பாடாதது என்று தெரியாது. எனக்கே தெரியாமல் போகலாம். தம்பி அழித்தது பாதிப் பாட்டைத்தான். நான் செய்யப்போவது மீதி இருக்கும் பாதியின்மேல் உள்ள நம்பிக்கையையும் அழித்துவிடும்.

அதற்குப் பதில் சித்தியிடமே கேட்டேன். "மீதி தெரியுமா சித்தி?" பாடினார். அக்காவின் மெட்டேதான், ஆனால் தன் சாயலில், தன் பிள்ளைகளின் பெயரைப் போட்டு. இரண்டு வரி ஞாபகம் வரவில்லை. "போவுது வுடு" என்றார். அந்த இரண்டு வரிக்கான இடத்தை அப்படியே வெறுமையாக விட்டிருக்கிறோம். தங்கைக்கு இன்னும் என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

என் மகள் வேறு ஒரு நியாயம் பேசினாள். "நாட்டுப்புறப் பாட்டுன்னாலே மாறிக்கிட்டே இருக்கிறதுதானேப்பா? பாட்டி அவங்க அம்மா பாடினதை மாத்தலையா? இரைச்சலோட போட்டா எந்தக் குழந்தை கேட்கும்?" நல்ல கேள்வி. ஆமாம், அம்மாவும் மாற்றினார், சித்தியும் மாற்றினார். ஆனால் முந்தையதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் மாற்றினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக மாற்றினார்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு பாட்டு பெருகியது அதனால்தான். இயந்திரமோ எல்லார் வீட்டுப் பாட்டையும் தான் கேட்டுப் பழகிய ஒரே பக்கம் இழுக்கிறது. குழுவில் வந்த பத்துத் தாலாட்டை வரிசையாகக் கேளுங்கள். பத்தும் ஒரே வீட்டுத் தாலாட்டு மாதிரி இருக்கும்.

குழந்தை கேட்பதற்காகப் புதிதாகச் செய்யட்டும், தாராளமாகச் செய்யட்டும். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது கிராமத்து மெட்டு சினிமாவுக்குள் வந்து நாமெல்லாம் கொண்டாடவில்லையா? மூலம் தனியாக இருக்க வேண்டும், புதியது புதியது என்ற பெயரில் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். பாட்டியின் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசலாம். உருக்கி வேறு பாத்திரம் வார்த்துவிட்டு 'பாட்டியின் பாத்திரம்' என்று சொல்லக்கூடாது.

பெயர் விஷயமும் முக்கியம். நம் ரயில் பாதையின் அந்தக் கோடியில் இருக்கும் அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையைக் கொண்டுவந்தார். உலகமே ஆடியது. அதே ஆண்டு ஒரு இசை இதழின் அட்டையில் அவர் படம் இல்லை என்று பெரிய விவாதம் எழுந்தது. கண்முன்னால் இருக்கும் இளைஞனின் பெயருக்கே போராட வேண்டியிருக்கிறது. நடவு வயலில் பாடியவளின் பெயரை யார் கேட்கப்போகிறார்கள்? 1871-ல் சார்லஸ் கோவர் தென்னிந்தியாவின் நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டார். பொருள் கிடைத்தது, மெட்டு ஏறவில்லை. அன்று பதிவு செய்யக் கருவி இல்லை, எடிசனின் போனோகிராஃப் வந்ததே 1877-ல். இன்று நம் எல்லார் சட்டைப்பையிலும் கருவி இருக்கிறது. நாம் சாக்குச் சொல்ல முடியாது.

கடைசியாக, ஆசிரியர் புத்தி போகாது, வீட்டுப்பாடம் கொடுக்கிறேன்.

ஒன்று. பரண்மேல் இருக்கும் கேசட்டுகளை இந்த மாதமே இறக்குங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். பூசணம் இருந்தால் ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். முதலில் பின்பக்கப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள்.

இரண்டு. டெக்கிலிருந்து நேராக ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். சுருக்காத 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பியதை மூலம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒலியை நசுக்கிவிடும்.

மூன்று. அந்த மூலத்தில் கைவைக்காதீர்கள். இரைச்சலையும் விட்டுவையுங்கள். எந்தச் சத்தம் நாளைக்குச் சாட்சி சொல்லும் என்று இன்று தெரியாது.

நான்கு. பாடியவர் பெயர், ஊர், வருடம், யாருக்காகப் பாடியது என்பதை உங்கள் குரலிலேயே தனியாகப் பதிவு செய்து கூடவே வையுங்கள்.

ஐந்து. இதெல்லாம் முடிந்தபிறகு, நகல் எடுத்து எந்தச் செயலியிலும் போட்டு விளையாடுங்கள். 'இது இயந்திரம் சேர்த்தது' என்று ஒரு வரி போட்டு அனுப்புங்கள்.

ஆறாவதுதான் அவசரம். பாடத் தெரிந்த சித்தி, அத்தை, பெரியம்மா யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அங்கே போங்கள். கேசட் இன்னும் ஒரு மாதம் தாங்கும்.

நான் வருகிற புதன்கிழமை மறுபடி சித்தியிடம் போகிறேன். அந்த இரண்டு வரியில் ஒன்று ஞாபகம் வந்துவிட்டதாம். போனில் சொல்லமாட்டாராம், நேரில் வந்தால்தான் பாடுவாராம்.

உங்கள் வீட்டில் என்ன பாட்டு இருக்கிறது, யார் பாடியது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன்.